ஃப்ளாஸி கரையேறிய காட்சி

ஃப்ளாஸி செத்து மூன்று வாரம் கழித்து அவள் நடித்த கடைசிப் படம் புரூக்ளினில் வெளியானது. இரண்டே வருடத்தில் இருபத்தாறு படம். சுவரொட்டியில் கதாநாயகியின் பெயரே இந்த நாயின் பெயருக்குக் கீழேதான் இருக்கும். அவளைப் பழக்கிய ஹாட்ச்சும் கேமரா சுற்றிய நானும் பகல் காட்சிக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தோம்.

ஊமைப்படம் என்பதால் படப்பிடிப்பில் ஹாட்ச் என் பின்னால் நின்று சத்தமாகவே கட்டளை போடுவான். கொட்டகையிலும் அந்தப் பழக்கம் அவனை விடவில்லை.

"நீந்துடி! தொட்டிலை விட்டுடாதே!"

"யோவ், படத்துல இருக்கிற நாய்க்குக் காது கேக்குமாய்யா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். கொட்டகையே சிரித்தது.

திரையில் ஃப்ளாஸி கடலிலிருந்து தொட்டிலை இழுத்துக் கரைசேர்த்தாள். அடுத்து அவள் இடப்பக்கமாக ஓடி மறைய வேண்டும். நான் எடுத்தது அப்படித்தான்.

"போதும்டி. வா, வீட்டுக்குப் போலாம்" என்றான் ஹாட்ச்.

ஃப்ளாஸி நின்றாள். காதைத் தூக்கினாள். திரும்பி நேராக எங்களைப் பார்த்து ஓடிவந்தாள். அவள் முகம் திரை முழுவதையும் அடைத்தது. பிறகு திரையில் தொட்டில் மட்டும் இருந்தது.

சிரித்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். கிண்டல் செய்தவர் தொப்பியைத் தூக்கி எறிந்து விசிலடித்தார். பியானோக்காரர் வாசிப்பதையே நிறுத்திவிட்டார்.

ஹாட்ச் மட்டும் கைதட்டவில்லை. இருட்டில் குனிந்து, காலடியில் எதையோ இரண்டு கையாலும் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தான். நான் என் முகத்தில் தெறித்த தண்ணீரைத் துடைத்தேன். உதட்டில் உப்புக் கரித்தது.