இருமலுக்குக் கைதட்டல்

டாக்டருக்கு அந்த நோயாளியைக் கண்டாலே ஆகவில்லை. தரையில் சுருண்டு இருமிக்கொண்டிருந்தவனின் நாடியைப் பிடித்தபடி, 'இவன் தொலைந்தால்தான் எனக்கு நிம்மதி' என்று நினைத்துக்கொண்டார்.

சுற்றி நின்ற கூட்டம் கைதட்டியது. அதுவும் நோயாளிக்கு.

காசநோய் விழிப்புணர்வுக்காகத் தெருமுனைகளில் நாடகம் போடும் குழு அது. எட்டு வருடமாக வெள்ளைக் கோட்டு அவருடையதுதான். "ரெண்டு வாரத்துக்கு மேல இருமினா சளியைப் பரிசோதனை பண்ணிக்கணும். முழுசா குணமாக்கிடலாம், பயப்பட வேண்டாம்" என்று அவர் விரலை உயர்த்திச் சொன்னால், சந்தைக் கடைக்காரர்கள் தராசைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள். குழுவில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, டாக்டர்தான்.

எல்லாம் புதுசு வந்து சேரும் வரை. நோயாளி வேடத்துக்கு நான்கு மாதம் முன்பு வந்தவனுக்குப் 'புதுசு' என்ற பெயரே ஒட்டிக்கொண்டது. அவன் இரும ஆரம்பித்தால் முன்வரிசைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நாடகம் முடிந்ததும் ஜனங்கள் அவனைச் சூழ்ந்துகொண்டு, "தம்பி, நிஜமாவே உனக்கு ஒண்ணும் இல்லையே?" என்று விசாரித்தார்கள். டாக்டர் வேனுக்குள் தனியாக உட்கார்ந்து கோட்டை மடித்தார்.

"இப்படி இரும எங்க கத்துக்கிட்டே?" என்று ஒருநாள் கேட்டே விட்டார்.

"எங்கப்பா இப்படித்தாண்ணே இருமுவாரு. ரெண்டு வருஷம் பக்கத்துலயே படுத்துக் கேட்டிருக்கேன்."

"இப்ப எப்படி இருக்காரு?"

"இல்லண்ணே. யார்கிட்டயும் காட்டிக்கல. காட்டும்போது நேரம் தாண்டிடுச்சு."

அதற்கும் டாக்டருக்குப் பொறாமைதான் வந்தது. அவருடைய அப்பா எண்பது வயதிலும் ஒரு தும்மல் போட்டதில்லை. அவர் யாரைப் பார்த்துக் கற்றுக்கொள்வது?

சோறு இறங்கவில்லை. சாயங்காலமானால் அன்றைய கைதட்டலை நினைத்து நினைத்து உடம்பே கொதித்தது. விடிந்து பார்த்தால் தலையணை வேர்வையில் நனைந்திருந்தது. கோட்டு தோளில் தொளதொளவென்று தொங்க, மனைவி பொத்தானைத் தள்ளி வைத்துத் தைத்தாள்.

"அவன் நல்லா நடிச்சா நடிச்சிட்டுப் போறான். நீங்க ஏன் இப்படி இளைச்சுப் போறீங்க?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு" என்றார் டாக்டர்.

அன்றே மொட்டை மாடியில் பயிற்சியைத் தொடங்கினார். முதலில் தொண்டையிலிருந்துதான் வந்தது. கேட்டால் கனைப்புப் போல இருந்தது. ஒரு மாதத்தில் நெஞ்சின் அடியிலிருந்தே கிளம்பியது. தன் திறமையில் அவருக்கே வியப்பு.

"பக்கத்து வீட்டுல கேக்கறாங்க" என்றாள் மனைவி.

"ஒத்திகைன்னு சொல்லு."

மறுவாரம் குழுத் தலைவரிடம் போய் நின்றார். "இந்தத் தடவை நான் நோயாளி. கோட்டை அவன் போட்டுக்கட்டும்."

தலைவர் தயங்கினார். ஓரமாக நின்ற புதுசுதான் பேசினான். "அவருக்கே குடுத்துருங்க. அவர் இருமறதைக் கேட்டேன். எனக்கு அப்படி வராது." சொல்லும்போது அவன் டாக்டரின் முகத்தைப் பார்க்கவில்லை.

விட்டுக்கொடுத்தும் நல்ல பெயர் வாங்குகிறானே என்று டாக்டருக்கு அதிலும் எரிச்சல்.

சந்தை வாசலில் நாடகம். வழக்கத்தைவிடக் கூட்டம். சுகாதார நிலையத்து டாக்டரம்மாவும் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் விழுந்தார், சுருண்டார், இருமினார். மூட்டை தூக்குகிறவர் ஒருவர் சுமையை இறக்கிவைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்தது கைதட்டல். எட்டு வருடத்தில் அவர் கேட்டிராத கைதட்டல். கோட்டுக்குள் நின்ற புதுசை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இந்த நாளுக்காகத்தானே அத்தனை எரிந்தது. டாக்டர் வேனின் படிக்கட்டில் உட்கார்ந்து துண்டால் வாயைத் துடைத்தார். தண்ணீர் குடித்தார். எதிரே சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள், "கலக்கிட்டீங்க டாக்டர்" என்று ஒருவர் மாற்றி ஒருவர் சொல்லிவிட்டுப் போனார்கள்.

தூரத்தில் புதுசு டாக்டரம்மாவின் பக்கம் குனிந்து ஏதோ சொல்வதைப் பார்த்தார். டாக்டரம்மா திரும்பி வேனைப் பார்த்தார். மறுபடி அவன் ஏதோ சொன்னான்.

'ஆரம்பிச்சுட்டான். பொறுக்கல, போட்டுக் கொடுக்கிறான்' என்று டாக்டருக்கு உள்ளுக்குள் சிரிப்பு. தோற்றவனின் வயிற்றெரிச்சலை முதல் தடவையாக வெளியிலிருந்து பார்ப்பது எவ்வளவு சுகமாக இருந்தது.

டாக்டரம்மா நேராக அவரிடமே வந்தார். இரண்டடி பின்னால் புதுசு, கோட்டைக்கூடக் கழற்றாமல்.

டாக்டர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "எப்படிங்க மேடம் நம்ம நடிப்பு? மாசக்கணக்கா பழகினது."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. டாக்டரின் கையிலிருந்த துண்டை ஒருமுறை பார்த்தார். பிறகு அவரை உட்காரச் சொல்லிவிட்டு மெதுவாகக் கேட்டார்:

"நாடகம் முடிஞ்சு அரை மணி நேரமாச்சுங்களே... ஏன் இன்னும் இருமிட்டு இருக்கீங்க?"