விளக்கு ஏற்றாத மாடி

கார்த்திகை தீபத்தன்று சாயங்காலம் அடி அண்ணாமலையின் மாடிகளெல்லாம் இருண்டு கிடக்கின்றன. மலையுச்சியில் தீபம் தெரிந்த பிறகுதான் வீட்டு விளக்கை ஏற்றவேண்டும். சிமெண்டுச் சட்டி தூக்கிக் காய்த்த கையில் வேதா போனை உயர்த்திப் பிடித்திருக்கிறாள். மறுமுனையில் அவள் புருஷன் சடையன். மேற்கே லட்சத்தீவில், மினிக்காய்த் தீவின் பழைய கலங்கரை விளக்கத்தில் வேலை. மூன்று கார்த்திகையாக ஊருக்கு வரவில்லை. "மலை எங்கடி, உன் மூக்குதான் தெரியுது." "மூக்கையும்தான் பாருய்யா." சொல்லிவிட்டுத் திரையை மலைப்பக்கம் திருப்புகிறாள்; போனின் பின்பக்கக் கேமரா உடைந்து நாளாகிறது. இனி அவன் முகம் அவளுக்குத் தெரியாது, குரல் மட்டும்தான். "இங்க இப்பதான் பொழுது சாயுது. மேல போய் லைட்டைப் போட்டுட்டு ஓடியாந்துடறேன். கப்பல்காரன் காத்திருக்க மாட்டான்." "மலை மட்டும் காத்திருக்குமா?" இரும்புப் படியில் செருப்புச் சத்தம் ஏறி ஏறித் தேய்கிறது.

"அரோகரா!" ஊரே கத்துகிறது. உச்சியில் நெருப்பு. தெரு முழுக்க அகல்கள் பற்றிக்கொள்கின்றன. போனில் சத்தமே இல்லை. அவன் இன்னும் இறங்கவில்லையா, கூட்டத்தில் லைன் அறுந்துவிட்டதா? திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். திருப்புகிற நேரத்தில் அவன் வந்துவிட்டால்? "இன்னும் ஏத்தலையாக்கா?" பக்கத்து மாடி அருணாதேவி கேட்கிறாள். "அவரு பாத்துட்டேன்னு சொல்லட்டும்." கை கடுக்கிறது. இன்னொரு கையால் முழங்கையைத் தாங்கிக்கொள்கிறாள். அவள் மாடி மட்டும் இருட்டாகவே இருக்கிறது.