அறுபது டின் வெண்ணெய்

மூன்றாவது கவளத்திலேயே அவன் கை நின்றுவிட்டது.

அவள் நெய்க்கிண்ணத்தோடு பக்கத்தில் நின்றிருந்தாள். கேட்காமலே இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

“போதும் புள்ள. பசியில்ல.”

கல்யாணமாகி இரண்டரை மாதம். இந்த வீட்டில் அவள் அதிகம் கேட்ட பேச்சு இதுதான்.

காலையில் வெறும் காப்பியோடு வெண்ணெய் மண்டிக்கு வேலைக்குப் போவான். மாலை நாலு மணிக்குத் திரும்பி வந்து உட்காருவான். அரிசியும் பருப்பும் சாதமோ, வெண்டைக்காய்ப் புளிக்குழம்போ, எதை வைத்தாலும் மூன்றே கவளம். மிச்சத்தைக் கொட்டப் போனால் மாடுகூட அவளைப் பார்த்து இளிப்பதுபோல் இருக்கும்.

அம்மாவிடம் போனில் அழுதாள். நெய்யைக் கூட்டு, தானாக இறங்கும் என்றாள் அம்மா.

கூட்டினாள். பருப்பில் நெய், ரசத்தில் நெய், கத்தரிக்காய்ப் பொரியலிலும் நெய்.

மூன்று கவளம் இரண்டானது.

மண்டிக்கு அடுத்த தெருவில் அவன் அக்கா மயிலாத்தாவின் வீடு. அக்காவின் கைப்பக்குவத்தை ஊரே மெச்சும். மதியம் அங்கே வெளுத்துக்கட்டிவிட்டுத்தான் இங்கே வந்து கொறிக்கிறான் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். அவன் சட்டை நாளுக்கு நாள் தொளதொளத்துக்கொண்டு வந்தது. சந்தேகம் வந்தவளுக்குச் சட்டையா கண்ணில் படும்?

கேட்டதற்கு, கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாக மறுத்தான்.

பொய் சொல்கிறவனோடு எப்படிக் காலம் தள்ளுவது? பெட்டியில் சேலைகளை அடுக்கி வைத்தாள். கையும் களவுமாகப் பிடித்துவிட்டு அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறுவதாக எண்ணம்.

சந்தை நாளன்று, தூக்குப்போசியில் சோற்றைப் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். முதலில் மயிலாத்தா வீடு. அங்கே கதவு பூட்டியிருந்தது.

அவன் மண்டியில்தான் இருந்தான்.

கிராமத்து வெண்ணெய் அறுபது டின், வரிசையாக நின்றது. அவன் குனிந்து, குச்சியை அடிவரை விட்டு எடுத்தான். நுனியில் ஒட்டியதை நாக்கில் வைத்தான். மேலண்ணத்தில் அழுத்திக் கரையவிட்டான். கண்ணை மூடிக்கொண்டான்.

“எருமை. கடைஞ்சு ரெண்டு நாளு,” என்று கணக்கு எழுதுகிறவரிடம் சொன்னான்.

சாம்பல் வாளியில் துப்பினான். வெந்நீரில் கொப்புளித்தான்.

அடுத்த டின்.

“இதுல வனஸ்பதி கலந்திருக்குதுங்க. தள்ளி வைங்க.”

துப்பினான். கொப்புளித்தான்.

அவள் தூணோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு பொட்டுகூட அவன் தொண்டையில் இறங்கவில்லை.

நிமிர்ந்தவன் அவளைக் கண்டு வெட்கப்பட்டான்.

“நானும் பார்க்கட்டுங்களா?” என்றாள்.

குச்சியை நீட்டினான். “முழுங்கிராத.”

ஏழெட்டு டின் பார்த்தாள். எருமையும் பசுவும் அவளுக்கு ஒன்றுதான். ஒவ்வொன்றும் கரைந்தது, பரவியது, நாக்கிலும் கன்னத்திலும் பூசினாற்போல் தங்கியது. ஒன்று விடாமல் துப்பினாள். வெந்நீருக்கும் அந்தப் பிசுக்கு அசைந்து கொடுக்கவில்லை.

வேலை முடிந்ததும் இருவரும் பின்கட்டில் உட்கார்ந்தார்கள். அவள் தூக்குப்போசியைத் திறந்தாள். காலையிலிருந்து கோபத்தில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவள். பருப்புச் சோற்றின்மேல் நெய் மிதந்தது.

ஒரு கவளம் வாயில் வைத்தாள். இரண்டாவதை உருட்டினாள்.

கை மேலே எழவில்லை.

வயிறு காலி. அது அவளுக்கு நன்றாகவே தெரியும். வாய் மட்டும் கல்யாணப் பந்தியிலிருந்து எழுந்து வந்ததுபோல் இருந்தது.

“ஏனுங்க, தெனமும் உங்களுக்கு இப்படித்தானா?”

“ஆமா புள்ள. ஏன்னு கேட்டா எனக்கே சொல்லத் தெரியல.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பின்னாலேயே வெட்கமும் வந்தது. அந்த வாய்க்குப் போய் எத்தனை கிண்ணம் நெய்யை ஊற்றியிருக்கிறாள்!

வீட்டுக்குப் போனதும், அவன் கண்ணில் படுவதற்குள் பெட்டியிலிருந்த சேலைகளை எடுத்துக் கொடியில் போட்டாள்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் அவனை எழுப்பி உட்காரவைத்தாள். மண்டிக்குக் கிளம்ப இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

பழைய சோறு. புளித்த மோர். சின்ன வெங்காயம். வறுத்த மோர்மிளகாய்.

“இந்நேரத்துக்கேவா?” என்றான்.

பிறகு ஒரு கவளம் அள்ளி வாயில் வைத்தான். வெங்காயம் கடிபடும் சத்தம் மட்டும் கேட்டது.

வட்டிலை நீட்டினான். வைத்தாள்.

மறுபடியும் நீட்டினான். அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இப்படியொரு சந்தோஷம் அவளுக்கு வந்ததில்லை.

இன்னொரு முறை நீட்டினான். பானையைச் சாய்த்து, அடியில் ஒட்டியிருந்ததையும் வழித்துப் போட்டாள்.

கை கழுவிவிட்டுப் போனவன், வாசலில் செருப்பை மாட்டும்போதுதான் நினைத்துக்கொண்டான். திரும்பி எட்டிப் பார்த்தான்.

“உனக்கு இருக்குதா புள்ள?”

அவள் பானைக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

“நெறைய இருக்குதுங்க.”