டொரதி டீச்சரின் பன்னிரண்டு பேர்

தெல்தெனியவில் டொரதி டீச்சர் பார்க்காத சந்து இனி இல்லை. காலையிலிருந்து அவர் நடந்த நடைக்குக் கண்டிக்கே மூன்று தடவை போய் வந்திருக்கலாம். பேசத்தான் ஒருவரும் அகப்படவில்லை. நாளை நக்கிள்ஸ் மலைக்காட்டுக்குப் போகும் ஜீப்பிலும் அவரும் சாரதியும் மட்டும்தான். அந்தி வெயில் மிட்டாய்ப் போத்தல்களுக்குள் மஞ்சளாக இறங்குகிற நேரத்தில், ராஜலிங்கத்தின் கடையில் நின்று, அட்டை ஏறாமல் காலில் பூச ஒரு சவர்க்காரக் கட்டி கேட்கிறார். "எத்தன பேரு போறீங்கம்மா?" என்கிறார் ராஜலிங்கம். "பன்னெண்டு பேர். நாங்க பாடுற பாட்டில ஜீப் கூரையே பறந்திடும்," என்கிறார் டீச்சர், கொஞ்சமும் கூசாமல். "அப்ப ஒண்ணு காணாதே, ஆளுக்கொண்ணு வேணும்." ராஜலிங்கம் பன்னிரண்டு கட்டிகளைப் பேப்பரில் சுற்றுகிறார், நூல் கிறீச்சிடுகிறது. சுளகில் பருப்புக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி கலாராணி நிமிர்ந்து டீச்சரைப் பார்க்கிறாள். "இவளுக்கும் அந்த மலைய பாக்கணும்னு ரொம்ப நாளா ஆச," என்கிறார் ராஜலிங்கம். " நீங்க தனியா போறதா இருந்தா தொணைக்கு அனுப்பியிருப்பேன். இவ்வளவு கூட்டத்துல எடம் ஏது?" டீச்சரின் வாய் திறக்கிறது. "ஊசி குத்தக்கூட இடமில்ல தம்பி," என்கிறது. கலாராணி மறுபடி சுளகில் குனிகிறாள்.