கூப்பிடு தூரம்

எதிர் டவரில் இருந்தவன் மறுபடியும் கையை ஆட்டினான்.

ஜெகதீசன் பார்த்தும் பார்க்காதவன் போல் திரும்பிக்கொண்டு, போல்ட்டின் மேல் ஸ்பேனரை வைத்தான். நூற்றிருபது அடி உயரம். காற்று சட்டையைப் பிடித்து இழுத்தது.

நெமிலிச்சேரி ஸ்டேஷனுக்குப் பின்னால் இரண்டு டவர்கள். நடுவில் ஒரு காலி மனையும் ஒரு சந்தும்தான். கூப்பிடு தூரம். ஆனால் கீழே ஓடிய ஜெனரேட்டர் இரைச்சலில், டவரடியில் பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது; உச்சிக்கு எதுவும் எட்டாது.

இரண்டும் வேறு வேறு போன் கம்பெனி. இரண்டும் ஃபைவ் ஜி ஆன்டெனாவை இன்றைக்குத்தான் ஏற்றின. பகல் பன்னிரண்டுக்குள், அதுவும் எதிர் கம்பெனிக்கு முன்னால், சிக்னல் வந்தாக வேண்டும். வராவிட்டால் ஆவடி வரை மீதமிருக்கும் நாற்பது டவர் வேலையும் வேறு ஆட்களுக்குப் போய்விடும் என்று சூப்பர்வைசர் மனோகரன் காலையிலேயே சொல்லிவிட்டார்.

ஜெகதீசனோடு சேர்த்து ஐந்து பேர். ஐந்து வீட்டு அடுப்பும் அந்த நாற்பது டவரை நம்பித்தான் இருந்தது.

கை ஆட்டியவன் பெயர் எழில். போன வாரம் திருவேற்காட்டில் வண்டி நிறுத்தும் தகராறில், எல்லார் முன்னாலும் ஜெகதீசன் அவனைக் கன்னத்தில் அறைந்திருந்தான். எழில் திருப்பி அடிக்கவில்லை. அதுதான் உறுத்தியது. திருப்பி அடிக்காதவன் மனதில் வைத்துக்கொள்வான்.

இப்போது நக்கல் பண்ணுகிறான். நாங்கள் முடிக்கப் போகிறோம், நீ என்ன செய்கிறாய் என்கிறான்.

மூன்றாவது தடவை ஜெகதீசன் திரும்பியபோது எழில் கை ஆட்டவில்லை. டவரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தான்.

ஜெகதீசன் ஸ்பேனரை இன்னும் வேகமாகத் திருகினான். முடித்தே விட்டான்.

கீழே மனோகரன் இரண்டு கையையும் சுழற்றி, சீக்கிரம் சீக்கிரம் என்று காட்டினார். பழைய ஆன்டெனாவைக் கழற்றியதிலிருந்து டவரடியில் அவர்கள் போன் எதிலும் சிக்னல் இல்லை. எல்லாம் கைஜாடைதான்.

மூன்று போல்ட் முடிந்துவிட்டது. நான்காவது ஆன்டெனாவுக்குப் பின்பக்கம். இரண்டு கையையும் விட்டுவிட்டு, இடுப்புப் பெல்ட்டில் உடம்பைச் சாய்த்தால்தான் எட்டும்.

சாய்வதற்கு முன் ஒருமுறை கீழே பார்த்தான்.

காலி மனையின் முள்ளுக்குள் எழில் ஓடி வந்துகொண்டிருந்தான். மனோகரன் குறுக்கே போய் அவன் சட்டையைப் பிடித்தார். எழில் கை நீட்டி என்னவோ சொன்னான். மனோகரன் கேட்கிற மாதிரி தெரியவில்லை. எழில் அவரைத் தள்ளிவிட்டு ஏணியைப் பிடித்தான்.

ஜெகதீசனுக்குப் புரிந்துவிட்டது. விலக்கிவிட ஆளில்லாத உயரத்தில் அன்று வாங்கிய அறைக்குக் கணக்குத் தீர்க்க வருகிறான்.

“ஏறாதே” என்று கத்தினான். குரல் காற்றோடு போயிற்று.

எழில் நிமிர்ந்து பார்க்கவில்லை. தன் பெல்ட்டின் கொக்கியை எங்கும் மாட்டாமல், குரங்கு போல் ஏறினான். பாதி உயரம். முக்கால். அவன் மூச்சு இரைப்பது கேட்டது.

ஜெகதீசன் இடது கையால் கம்பியை இறுக்கிக் கட்டிக்கொண்டான். வலது கையில் ஸ்பேனரை ஓங்கினான். முதலில் விரல்கள் வரும். விரல்மேல் போட வேண்டும்.

காலடிக் கம்பியில் ஒரு கை வந்து பற்றியது.

ஸ்பேனர் இறங்குவதற்குள் இன்னொரு கை அவன் முதுகுப் பக்கம் போயிற்று. ‘டக்’ என்று இரும்பில் இரும்பு விழும் சத்தம்.

“ஆடாத அண்ணாத்தே. உன் கொக்கி எதுலயும் மாட்டாம வால் மாதிரி ஆடிகினு இருந்துச்சி. கை காட்னா நீ திரும்பித் திரும்பிப் பாக்குற. சறுக்கிடப் போறன்னுதான் எறங்கி ஓடியாந்தேன்.”

ஜெகதீசன் ஓங்கிய கையை இறக்கி, மெல்லக் கழுத்தைத் திருப்பினான். காலை அவசரத்தில் கொக்கியைக் கம்பி என்று நினைத்து, ஒயர் கட்டிய பிளாஸ்டிக் பட்டையில் மாட்டியிருக்கிறான். பட்டை அறுந்து ஓரமாகத் தொங்கியது. கொக்கி இப்போதுதான் கம்பியில் இருந்தது.

அவன் அதை ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டான்.

எழில் தன் கொக்கியையும் மாட்டிக்கொண்டு, மூச்சு அடங்கும்வரை நின்றான். ஸ்பேனரை இன்னும் பிடித்திருந்த ஜெகதீசனின் வலது கையைப் பார்த்தான்.

“ஸ்பேனர உள்ள வெச்சிக்கோ. கீழ ஆளுங்கோ கீறாங்கோ.”

அவ்வளவுதான். இறங்கத் தொடங்கினான்.

ஜெகதீசன் எதிர் டவரைப் பார்த்தான். அவர்களுடைய ஆன்டெனா உச்சிக்கே போய்ச் சேரவில்லை. பாதி உயரத்தில் கயிற்றில் தொங்கி, காற்றில் சுற்றிக்கொண்டிருந்தது. அடியில் அவர்கள் சூப்பர்வைசர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

நான்காவது போல்ட்டை முடுக்கிவிட்டு ஜெகதீசன் இறங்கினான். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது சிக்னல் வந்தது. எல்லார் போனும் ஒரே நேரத்தில் அடித்தன. ஆபீசுக்கு அனுப்ப மனோகரன் குழுவைப் படம் எடுத்தார். நான்கு பேர்தான் இருந்தார்கள்.

ஜெகதீசன் காலி மனையைத் தாண்டிப் போயிருந்தான். மேலே எழில் ஏறிக்கொண்டிருக்க, அவர்களுடைய கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

பக்கத்தில் இழுத்தவன் மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது என்றான்.

ஜெகதீசன் கயிற்றை விடவில்லை.