கல்லில் இருக்கும் டெய்லர்

"செத்தவங்க வரிசையில உங்க பேர் இருக்கு, டெய்லர்."

"தெரியும்" என்றார் டெய்லர், பிரஷ்ஷை வாளியில் நனைத்தபடி.

போர் நினைவுத் தூணைப் புதுப்பிக்க ஊரே திரண்டிருந்தது. ஆளுக்கொரு வாளி, ஆளுக்கொரு பிரஷ், ஆளுக்கொரு யோசனை. பல வருடப் பாசி போகப் போகப் பெயர்கள் வெளியே வந்தன. கடைசி வரிசையில் வந்தது, முக்குக் கடை டெய்லரின் பெயர். அப்பா பெயர், படைப் பிரிவு, எல்லாம் அச்சு அசல் அவரேதான்.

புதுப்பிப்புக் குழுத் தலைவியான தலைமை ஆசிரியைக்குத் தலை சுற்றியது.

"வருஷா வருஷம் இங்க மௌன அஞ்சலி செலுத்துறோம். நீங்களும் பக்கத்துலயே நின்னு தலை குனியுறீங்க. உங்களுக்கு நீங்களே அஞ்சலி செலுத்திக்கிட்டீங்களா?"

டெய்லர் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"போகட்டும். கல்தச்சரைக் கூப்பிட்டு அழிச்சிடலாம்."

"வேண்டாம் டீச்சர். இருக்கட்டும்."

கூட்டம் முணுமுணுத்தது. உயிரோடு இருக்கும்போதே தியாகியாக ஆசைப்படும் ஆளை அவர்கள் பார்த்ததில்லை.

மருந்துக்கடைக்காரர் சமாதானத்துக்கு வந்தார்.

"அந்த இடத்துல மட்டும் ஒரு பிளாஸ்திரி ஒட்டி வைப்போம். டெய்லருக்கும் வயசாகுது. அவர் போனதும் பிரிச்சிடலாம். யாருக்கும் மனக்கஷ்டம் இல்ல."

"உத்தேசமா எப்போ?" என்று தலைவி கேட்டே விட்டார். அடுத்த வாரம் திறப்பு விழா.

"அவசரப்படுத்தாதீங்க டீச்சர். தைக்கவேண்டிய துணி நிறைய கிடக்கு" என்றார் டெய்லர்.

தலைவிக்குக் கோபம் வந்துவிட்டது.

"செய்யாத தியாகத்துக்குப் பேர் வாங்கிக்கிறது அசிங்கமா இல்ல?"

தலைவி கை ஊன்றி நின்ற புதுச் சலவைக்கல்லில் புதுப்பிப்புக் குழுவினரின் பெயர்கள் பொன் எழுத்தில் மின்னின. தூணில் இருந்த எழுத்துகளைவிட அவை இரண்டு மடங்கு பெரிது.

டெய்லர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார்.

"வேற பிரிவுல இருந்து வழி தவறி ஒருத்தன் எங்க பதுங்குகுழிக்கு வந்தான். மழையில தொப்பலா நனைஞ்சிருந்தான், நடுக்கம் நிக்கல. என் கோட்டைக் கழட்டி அவனுக்குப் போட்டு விட்டேன். தையக்காரன் புத்தி, காலருக்குள்ள என் பேர், அப்பா பேர், பிரிவு எல்லாம் நூல்ல தைச்சு வச்சிருந்தேன். நான் தண்ணி எடுக்கப் போன நேரம் பதுங்குகுழி மேல குண்டு விழுந்துச்சு. கோட்டைப் பார்த்து நான்னு நினைச்சுப் புதைச்சுட்டாங்க. வழியில நானும் அடிபட்டு, எங்கேயோ ஆஸ்பத்திரியில கிடந்து வர்றதுக்குள்ள இங்க தூணும் வந்திருச்சு. அதுல என் பேர் இருக்குறதை வீட்டுல யாரும் வெளிய சொல்லக் கூடாதுன்னு நான்தான் தடுத்தேன்."

தலைவியின் கை சலவைக்கல்லை விட்டு இறங்கியது.

"அப்போ அவர் பேரைச் சொல்லுங்க. அதையே வெட்டிடுவோம்."

"கோட்டைக் கொடுத்தேனே தவிர, பேரைக் கேக்கல டீச்சர். அழிச்சுட்டா அவனுக்கு அதுவும் இல்லாமப் போயிடும்."