மூன்றடி வாசல்

ஒகேனக்கல்லில் பரிசல் முடைகிறவர்களுக்கு அரசாங்கம் கட்டித்தரப்போகும் கொட்டகையின் வரைபடத்தோடு ஓவர்சியர் அல்போன்ஸ் வருவது இது மூன்றாவது தடவை. முடைகிறவர்களில் மூத்தவரான தீர்த்தகிரி கைநாட்டு வைத்தால்தான் வேலை தொடங்கும். அவரோ இரண்டு தடவையும் வைக்க மறுத்துத் திருப்பி அனுப்பியிருந்தார்.

இன்றும் குனிந்து பார்த்தார். வாசல் அதே மூன்றடி.

"மூங்கில் அடுக்க எடம், தார் காய்ச்ச அடுப்பு, வெளிச்சத்துக்கு ஜன்னல், எல்லாம் நான் சொன்னாப்பலயே போட்டிருக்கீங்க. வாசல் மட்டும் ஏனுங்க இப்பிடி? பரிசல் எட்டடி அகலம். உள்ள முடைஞ்சா எப்பிடிங்க வெளிய வரும்?"

"வராது."

"போன வாட்டியும் சொன்னேனுங்களே!"

"சொன்னீங்க. பத்தடி போடணும்னுதான் பென்சிலை எடுக்கறேன். கை மூணடியிலயே நின்னுடுது."

மொரப்பூருக்கு எத்தனை மணிக்கு பஸ் என்று சொல்வதுபோல, அல்போன்ஸ் மேலும் சொன்னார்:

"போன ஆடி வெள்ளத்துல ஒரு பரிசல் கவுந்துச்சே, அதுல போன என் பையன் திரும்பலை."

தீர்த்தகிரி மைப்பெட்டியை இழுத்து, பெருவிரலை மையில் ஒற்றி, வரைபடத்தின் மூலையில் அழுத்தினார்.

அல்போன்ஸ் நிமிர்ந்தார். "வாசலை மாத்த வேண்டாமா?"

"இருக்கட்டுங்க. அன்னிக்குத் துடுப்பு போட்டவன் எம் மவன். அவனும் திரும்பலைங்க."